நிரம்பி வழியும் மைதானம், நிரம்பாத நகரக் கருவூலம்: ஹார்ட்ஃபர்டில் ஒரு பேஸ்பால் மாலை

நியூயார்க்கிலிருந்து கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டுக்குப் போகும் பேருந்தில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. ஜூலை மாத வெயிலில், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்களுக்குள் ஒரு முழுப் பயணமும் வெந்துகொண்டே போனோம். ஓட்டுநரிடம் சொன்னவர்களுக்கு, நிறுவனத்தின் தொலைபேசி எண் பின்பக்கம் எழுதியிருக்கிறது என்பதே பதிலாகக் கிடைத்தது. ஹார்ட்ஃபர்ட் யூனியன் நிலையத்தில் இறங்கியதும் வாடகைக் காரோட்டி ஒருவர் மைதானம் வரை கொண்டுவிட 25 டாலர் கேட்டார். கைப்பேசி வரைபடமோ கால் மணி நேர நடை என்றது. அதை அவரிடம் காட்டியபோது, ஆட்ட நாளில் இதுதான் விலை என்று கூசாமல் சொன்னார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று இந்தக் கட்டுரையை ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த மைதானத்தின் வரவுசெலவு என் சொந்த வரவுசெலவையே மறக்கடித்துவிட்டது.

மைதானத்தின் பெயர் டன்கின் பார்க். காபியும் டோனட்டும் விற்கும் நிறுவனம் பெயருரிமையை வாங்கியிருப்பதால், நெடுஞ்சாலையிலிருந்தே அதன் பெயர்ப்பலகை கண்ணில் படுகிறது. இங்கே ஆடும் ஹார்ட்ஃபர்ட் யார்ட் கோட்ஸ், மைனர் லீக்கின் டபுள்-ஏ நிலையில் உள்ள அணி. அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீக்கில் ஆடும் கொலராடோ ராக்கீஸ் அணி தன் இளம் வீரர்களைப் பழுக்கவைக்கும் இடம். பேஸ்பால் மட்டையைக் கடித்து மெல்லும் ஆடுதான் அணியின் சின்னம். அந்த ஆடு பொறித்த தொப்பியை அணியாத சிறுவர் ஒருவரையும் அன்று நான் வாயிலில் பார்க்கவில்லை. தொப்பிக் கடையில் நானும் ஒன்றைக் கையில் எடுத்து, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மைதானம் அமைந்திருக்கும் இடத்தைச் சொல்லியாக வேண்டும். ஐ-84 நெடுஞ்சாலை இந்த நகரத்தின் வணிக மையத்தையும் வடக்கே உள்ள வறுமையான குடியிருப்புப் பகுதியையும் இரண்டாக வெட்டிப் போட்டிருக்கிறது. அந்த வெட்டின் வடகரையில், பல ஆண்டுகளாக வெறும் கார் நிறுத்துமிடங்களாகக் கிடந்த நிலத்தில் மைதானத்தைக் கட்டினால் இரண்டு பகுதிகளும் ஒட்டிக்கொள்ளும், சுற்றிலும் வீடுகளும் கடைகளும் ஒரு பெரிய மளிகை அங்காடியும் வரும் என்று 2014 ஜூனில் அன்றைய மேயர் பெத்ரோ செகாரா அறிவித்தார். 1997இல் வேலர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி வட கரோலினாவுக்குப் போன பிறகு தமக்கென்று சொல்லிக்கொள்ள ஓர் அணி இல்லாமல் ஏங்கிய ஊர் இது. யார்ட் கோட்ஸின் நீலமும் பச்சையும் அந்தப் பழைய அணியின் வண்ணங்களை நினைவூட்டுவது தற்செயலாக இருக்க முடியாது. ஏக்கம் இருந்தது, நிலம் இருந்தது, பணம் மட்டும்தான் இல்லை. கடன் வாங்கினார்கள்.

அடுத்து நடந்ததை நம்ம ஊர் மேம்பாலக் கதைகளோடு பழகியவர்கள் எளிதாக ஊகிக்கலாம். 5.6 கோடி டாலரில் 2016 ஏப்ரலுக்குள் முடிய வேண்டிய வேலை முடியவில்லை. மே மாதத்துக்குத் தள்ளிவைத்த கெடுவும் தவறியது. ஜனவரியில் பதவிக்கு வந்திருந்த புதிய மேயர் லூக் ப்ரோனின், ஜூனில் கட்டுமான நிறுவனத்தை வெளியேற்றினார். சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல், அந்த ஆண்டு முழுவதையும் அணி ஊர் ஊராகச் சுற்றியே கழித்தது. ஒப்பந்தத்துக்குப் பிணை நின்ற காப்பீட்டு நிறுவனம் வேறோர் ஒப்பந்ததாரரைக் கொண்டு வேலையை முடித்துக் கொடுக்க, 2017 ஏப்ரல் 13 அன்று ஒருவழியாகக் கதவு திறந்தது. அதற்குள் செலவு 7 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இத்தனை அவலங்களுக்குப் பிறகு மக்கள் கோபத்தில் ஒதுங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் தோற்றுப்போனார்கள். முதல் ஆண்டிலேயே 41 ஆட்டங்களுக்குச் சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. ஏறத்தாழ 3 லட்சத்து 95 ஆயிரம் பேர் வந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியது. இருக்கைகளோ ஆறாயிரத்துச் சொச்சம்தான்.

உள்ளே போன சிறிது நேரத்திலேயே காரணம் புரிந்துவிடுகிறது. மைதானத்தைச் சுற்றி முழு வட்டமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். எந்தக் கடையில் வரிசையில் நின்றாலும் பந்து வீசப்படுவது கண்ணுக்குத் தெரிகிறது. நான் வாங்கியது இருக்கை இல்லாத, நின்று பார்க்கும் மலிவுச் சீட்டு. அதை வைத்துக்கொண்டே மைதானத்தை முழுதாகச் சுற்றிவந்து, வெளித்தளத் தடுப்பின்மீது கையூன்றி, நாலடி முன்னால் ஒரு வீரர் உயரப் பந்தைப் பிடித்துவிட்டுக் காலணி முள்ளில் சிக்கிய புல்லை உதறுவதைப் பார்த்தேன். மேஜர் லீக் மைதானத்தில் இந்த அண்மைக்கு என் ஒரு மாத வீட்டு வாடகையைக் கேட்பார்கள். புகையில் பல மணி நேரம் வெந்த மாட்டிறைச்சியை நார் நாராகப் பிய்த்து, பாலாடைக்கட்டி வழியும் மக்ரோனியின்மேல் கொட்டிக் கொடுத்தார்கள். விலை கொள்ளைதான், ஆனாலும் இந்தப் பயணத்தில் நான் மனமாரக் கொடுத்த பணம் அது ஒன்றுதான். ஆட்டத்தின் இடையே வறுத்த வேர்க்கடலை கொறிப்பது அமெரிக்க மைதான மரபு என்று படித்துவிட்டு ஆசையோடு தேடினேன். ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக 2019 முதல் இங்கே வேர்க்கடலையே கிடையாதாம். ஏமாற்றம்தான், ஆனாலும் சரியான முடிவு: ஒரு குழந்தைக்கு ஒவ்வாமை என்றால் நான்கு பேர் கொண்ட குடும்பமே வராமல் போகும், நான்கு சீட்டுகளும் விற்காமல் போகும்.

பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர், ஹார்ட்ஃபர்டுக்கு வருமுன் அணி பக்கத்து ஊரான நியூ பிரிட்டனில் ஆடிய காலத்திலிருந்தே பார்த்து வருபவர். ஏழாவது இன்னிங்ஸில், அரங்கில் பாதிப் பேர் முதுகைத் திருப்பிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது, “இவர்களில் எத்தனை பேருக்கு ஸ்கோர் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். சிரித்துவிட்டார். மைனர் லீக்கின் வியாபாரமே அதுதான். நன்றாக ஆடும் வீரரை மேல்நிலை அணி எந்த நாளும் தூக்கிக்கொண்டு போகும் என்பதால், வீரரை நம்பிச் சீட்டு விற்க முடியாது. வாணவேடிக்கை இரவு, தலையாட்டும் பொம்மை இலவசம், பள்ளிக் குழுக்கள், அலுவலகக் குழுக்கள் என்றுதான் விற்கிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அறிவிக்கப்படும் வருகை எண்ணிக்கை என்பது விற்ற சீட்டுகளின் கணக்கு, உள்ளே வந்த தலைகளின் கணக்கு அல்ல. ஏப்ரல் மாதக் குளிரில் சீட்டு வாங்கியும் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

இனி, என்னை எரிச்சலூட்டிய கணக்கு. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது மேஜர் லீக் தாய் அணி. டபுள்-ஏ வீரருக்கு 2023 ஒப்பந்தப்படி ஆண்டுக்குக் குறைந்தது 30,250 டாலர். அந்தப் பெரும் செலவு உள்ளூர் உரிமையாளரின் தலையில் இல்லை. மைதானத்தைக் கட்டியது நகரம். சீட்டு, உணவு, பீர், தொப்பி, விளம்பரம் ஆகியவை வருமானமாக இருக்க, அணி நகரத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட வாடகை ஆண்டுக்கு 5 லட்சம் டாலர். 4 லட்சம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், தலைக்கு ஒன்றேகால் டாலர். நான் குடித்த ஒரு குவளை எலுமிச்சைச் சாற்றின் விலையில் பல பேருடைய பங்கு அடங்கிவிடும். நகரம் கட்ட வேண்டிய கடன் தவணையோ இந்த வாடகையைப்போல் பல மடங்கு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

வாடகை போனால் போகிறது, வரியாகவாவது வருமே என்றால், அதுவும் இல்லை. கனெக்டிகட்டில் நகரங்கள் தமக்கென்று விற்பனை வரி விதிக்க முடியாது. என் இறைச்சித் தட்டின்மீது போட்ட 7.35 விழுக்காடு மாநில அரசுக்கே போகிறது. நகரத்தின் சொந்த வருமானம் பெரும்பாலும் சொத்து வரிதான். ஆனால் மாநிலத் தலைநகரான இந்த ஊரில் அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள் என்று பாதிக்கும் மேற்பட்ட சொத்துக்கு அந்த வரியே கிடையாது. மைதானமும் பொதுச் சொத்து. ஆகவே எஞ்சியவர்கள்மீது மாநிலத்திலேயே மிக உயர்ந்த விகிதத்தில் வரி விழுகிறது. முதல் பருவத்தில் அரங்கம் நிரம்பி வழிந்த அதே 2017இல்தான் ஹார்ட்ஃபர்ட் திவால் மனுவின் விளிம்புவரை போனது. மறு ஆண்டு நகரத்தின் கடனில் ஏறத்தாழ 55 கோடி டாலரை அடைக்கும் பொறுப்பை மாநில அரசு ஏற்றுக்கொண்ட பிறகே மூச்சு வந்தது. அந்த நெருக்கடிக்கு மைதானம்தான் காரணம் என்று சொல்வது அநியாயம், ஓய்வூதியச் சுமையும் பழைய கடனும் அதைவிடப் பெரியவை. ஆனால் வீட்டில் அரிசி இல்லாத மாதத்தில் கடன் வாங்கி ஊருக்கு விருந்து வைத்த முடிவை யாரும் பாராட்ட முடியாது.

மறுநாள் நியூ பிரிட்டன் போனேன். பேருந்துக்கு மட்டுமே ஒதுக்கிய தனிச் சாலையில், ஒன்றே முக்கால் டாலர் கட்டணத்தில், குளிரூட்டியுடன் போகும் அரசுப் பேருந்து. நியூயார்க் நிறுவனத்தார் வந்து பாடம் கற்கலாம். ஹார்ட்ஃபர்டுக்குப் போகும்வரை, 1983 முதல் அணி இந்த ஊரில்தான் இருந்தது. 1996இல் அதற்காகக் கட்டிய மைதானம் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது; அதன் கொள்ளளவும் ஆறாயிரத்துச் சொச்சம்தான், புதியதைவிடச் சற்றே கூடுதல். அதாவது, பத்து மைலுக்கு அப்பால் இருந்த ரசிகரின் பணத்தைப் பத்து மைல் இப்பால் கொண்டுவர 7 கோடி டாலர் செலவானது. மாநிலத்தைப் பொறுத்தவரை புதிதாக ஒரு காசும் பிறக்கவில்லை. நான் போனபோது வாயில் பூட்டியிருந்தது. கல்லூரி மாணவர்கள் ஆடும் கோடைக்கால அணி ஒன்று இப்போது அதைப் பயன்படுத்துகிறது.

நகரத்துக்கு உண்மையான வருமானம் வர வேண்டியது மைதானத்துக்கு வெளியிலிருந்து. சுற்றியுள்ள நிலத்தில் வீடுகள் எழுந்தால்தான் சொத்து வரி வரும். வெளியேற்றப்பட்ட நிறுவனம் வழக்குத் தொடர்ந்ததால் அந்த நிலம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 270 வீடுகள் கொண்ட முதல் கட்டடம் திறக்க 2022 ஆகிவிட்டது. வாக்களித்த மளிகை அங்காடியைத் தேடிப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலுக்காக வெகுதூரம் நடந்தேன். வழக்கில் முதலில் நகரம் வென்றது, 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது, 2024இல் 99 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. அணி கொடுக்கும் வாடகையில் ஏறக்குறைய 20 ஆண்டுத் தொகை அதோடு போயிற்று.

இவ்வளவு திட்டிவிட்டு, போகலாமா என்று கேட்டால், தயங்காமல் போங்கள் என்பேன். வார நடுவில், நின்று பார்க்கும் சீட்டை இணையத்தில் வாங்குங்கள். வாணவேடிக்கை இரவுகளில் நெரிசலும் கார் நிறுத்தக் கட்டணமும் தாங்காது. தங்க நியூ பிரிட்டன் பக்கம் விலை குறைவு, இரவுப் பேருந்தின் நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்து வாசலில் நிற்கும் வாடகைக் கார்களை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம்.