நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள்?

தங்க வீடு வேண்டும் என்று உதவி கேட்டு வருகிறவர்களிடம் விவரம் கேட்டு விண்ணப்பம் எழுதும் மேசையில் சில வருடங்கள் இருந்தேன். படிவத்தில் முதலில் வருவது முகவரி. அந்தக் கட்டம் எத்தனை பேரை மறைத்துவிடுகிறது என்பது எனக்குப் பிடிபட ரொம்ப நாளாயிற்று.

ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்தார். அக்கா வீட்டு முகவரியைச் சொன்னார். எழுதிக்கொண்டு, ‘வீடற்றவரா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்தேன். நாலு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை, கூட வேலை பார்த்த தோழி வீட்டு முகவரி. சான்றிதழ் கேட்டதும் பெரிய பையனின் புத்தகப் பையைத் திறந்தார். பாடப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் உறையில் பிறப்புச் சான்றிதழ்களும் மருந்துச் சீட்டுகளும் இருந்தன. “எங்க போனாலும் இதை மட்டும் கையோட வெச்சுக்குவோம் மேடம்” என்றார்.

“அங்கே எந்த இடத்தில் படுக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“ஹால்லதான். அவங்க டிவி பார்த்து முடிச்சு எழுந்து போனப்புறம் படுப்போம்.”

பையன் குறுக்கே சொன்னான்: “அதுவரைக்கும் தூக்கம் வராத மாதிரி உட்கார்ந்திருப்பேன்.”

வீட்டுச் சாவி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. தோழி வேலை முடிந்து வரும்வரை மூன்று பேரும் நூலகத்தில் இருப்பார்களாம். இதையெல்லாம் நான் நாலு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ‘வீடு இருக்கிறதா’ என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பெரும்பாலும் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். கூச்சம் ஒரு காரணம். வீடற்றவர் என்றால் தெருவில் படுப்பவர் என்ற எண்ணம் அவர்களுக்கும் இருப்பது இன்னொன்று. அதனால் நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள், இன்னும் எத்தனை நாள் இருக்கலாம் என்றார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பேன். இடம் கொடுத்தவர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள். கூடுதல் ஆள் தங்குவது வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்தால் அவர்கள் குடியிருப்புக்கே ஆபத்து. யாராவது கணக்கெடுக்க வந்தால் ‘விருந்தாளி’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

ராத்திரியில் தெருத்தெருவாகப் போய்த் தலையை எண்ணும் முறையில் இவர்கள் சிக்கவே மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் 2021 கணக்கெடுப்பைப் பாருங்கள். வீடற்றவர்கள் 1,22,494 பேர். அதில் தெருவிலும் கூடாரத்திலும் இருந்தவர்கள் 7,636 பேர் மட்டுமே. குறைந்தது 4 படுக்கையறை கூடுதலாகத் தேவைப்படும் அளவு நெரிசலான வீடுகளில் 47,895 பேர். பிறர் வீட்டில் தற்காலிகமாக ஒண்டியிருந்தவர்கள் 16,597 பேர். நெரிசலையும் பிறர் வீட்டில் ஒண்டியிருப்பதையும் வீடின்மை என்று அந்த நாடு வரையறுத்ததால்தான் அவர்கள் கணக்கில் வந்தார்கள். இந்தியாவிலும் 2012இல் ஒரு மத்திய அரசுக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை ஏறக்குறைய 1.88 கோடி என்று மதிப்பிட்டது. அதில் சுமார் 1.5 கோடி நெரிசலால் வந்தது; வீடே இல்லாத குடும்பங்களின் பங்கு சுமார் 5.3 லட்சம்தான்.

எண்ணிக்கையில் வருகிறவர்களுக்குத்தான் பணம் ஒதுக்கப்படுகிறது. தெருவை மட்டும் எண்ணும் அரசு இரவுக் காப்பகம் கட்டுகிறது. காப்பகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா பிள்ளைகளோடு அங்கே போக மாட்டார். பின்லாந்து, உறவினர், நண்பர் வீடுகளில் தங்குகிறவர்களையும் வீடற்றோர் கணக்கில் சேர்க்கிறது. 2008 முதல், முதலில் வீடு, மற்ற உதவிகள் அப்புறம் என்ற கொள்கையோடு வேலை செய்கிறது. இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாளுக்குள் வீடு இழக்கும் நிலையில் இருப்பவருக்கும் உள்ளாட்சி உதவியாக வேண்டும். அப்படி ஒரு விதி எங்களுக்கும் இருந்திருந்தால், அக்கா வீட்டில் இருந்தபோதே அந்த அம்மாவின் கோப்பு நகர்ந்திருக்கும்.

படிவம் மாறவில்லை. நான் ஓரத்தில் ‘சாவி இல்லை’ என்று பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன். மாதக் கடைசியில் அந்தக் குறிப்புகளைத் தனியே எண்ணி அறிக்கையோடு சேர்த்து அனுப்பினேன். மூன்றாவது மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: “இவர்களுக்குத்தான் முகவரி இருக்கிறதே?” அந்தப் பையன் சொன்னதை அப்படியே பதிலில் எழுதி அனுப்பினேன்.