கட்டம் போட்ட மலை தெரிந்தால் வலப்பக்கம்

கணினியில் விமானம் ஓட்டும் புதிய சிமுலேட்டர்களில் உலகம் மிகவும் புதிதாக இருக்கிறது. என் புகாரே அதுதான். செயற்கைக்கோள் படத்தை விரித்து, அதன் மேல் கட்டடங்களை எழுப்பி, மரம் நட்டு, சமீபத்தில் கட்டிய மேம்பாலம் வரை காட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் நான் ஓட்டுவது போயிங் 747-200. அதை ஹாங்காங்கின் கை டாக் விமான நிலையத்தில் இறக்கலாம் என்று போனால், ஓடுபாதையின் முனையில் பயணக் கப்பல் முனையம் உட்கார்ந்திருக்கிறது. கை டாக் 1998 ஜூலை 6 அன்று மூடப்பட்டது. அதன் பிறகு அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன, விளையாட்டரங்கமும் வந்துவிட்டது.

ஆகவே பழைய விமானத்துக்கு அதே வயதுள்ள ஊர் வேண்டும். இதற்காகவே பழைய புகைப்படங்களையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு ஊரைத் திரும்பக் கட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் ஃபிளைடாம்பா என்ற நிறுவனம் செய்த கை டாக்கை இன்றும் பலர் நினைவுகூர்வார்கள். இப்போது எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டருக்கும் மைக்ரோசாஃப்டின் புதிய பதிப்புகளுக்கும் ஆர்வலர்கள் செய்து தருகிறார்கள். இப்படிக் கட்டித் தரும் ஊருக்கு நிலக்காட்சி என்று பெயர். ஒரு நிலக்காட்சியை நிறுவியதும் நான் முதலில் தேடுவது கவுலூன் மதில் நகரத்தை. இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி எழுந்த அந்தக் கட்டடக் குவியலை 1993-இல் இடிக்கத் தொடங்கி மறு ஆண்டில் முடித்தார்கள். அது நின்றால் நிலக்காட்சி அதற்கு முந்தைய காலத்தது. அங்கே பூங்கா இருந்தால் கை டாக்கின் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகள். இரண்டும் சரியே, ஆனால் எந்தக் காலம் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற விமானத்தை எடுக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். மதில் நகரமும் நின்று, 1997-இல் வந்த வண்ணப்பூச்சுள்ள விமானமும் நிறுத்துமிடத்தில் நின்றால் எனக்கு அன்று ஓட்டவே மனம் வராது.

வண்ணப்பூச்சிலும் இந்த வம்பு உண்டு. கை டாக் என்றாலே கதே பசிபிக்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் அவர்களுடைய 747-200 விமானங்களில் இருந்தவை ரோல்ஸ்-ராய்ஸ் இன்ஜின்கள். என்னிடம் உள்ள மாதிரியிலோ பிராட் அண்ட் விட்னி. அதன் மேல் கதேயின் பச்சைக் கோடு போட்டுவிட்டால் இன்ஜின் மாறிவிடுமா? அதனால் நான் ஏர் இந்தியாவை எடுத்துக்கொள்வேன். அவர்களுடைய 747-200-களில் பிராட் அண்ட் விட்னிதான். ஜன்னல்களைச் சுற்றிச் சிவப்பில் ஜரோக்கா (ராஜஸ்தானி மாடம்) வளைவு வரைந்த அந்தக் காலத்து விமானம் ஹாங்காங்குக்குப் போய்வந்ததும் உண்மை.

புறப்படுவது பாங்காக்கின் டான் முவாங். தாய்லாந்தின் உபோன், வியட்நாமின் தா நாங் வழியாகக் கடலைக் கடந்து ஹாங்காங். இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இன்றைய விமானத்தில் ஊர்களின் பெயரைத் தட்டினால் வழி திரையில் வரைந்துவிடும். 747-200-க்கு ஊர்ப் பெயர் எதுவும் தெரியாது. அதிலிருப்பது ஐஎன்எஸ் என்னும் சுழற்காட்டி வழிகாட்டி, மூன்று பெட்டிகள். தான் எங்கே நிற்கிறது என்பதைக்கூட நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும். எண் பொத்தான்களே திசைப் பொத்தான்கள்: வடக்குக்கு 2, தெற்குக்கு 8, கிழக்குக்கு 6, மேற்குக்கு 4. வடக்கை அழுத்தி 13 டிகிரி 54.8 நிமிடம், நுழைவு விளக்கை அழுத்தினால் அணைகிறது. கிழக்கை அழுத்தி 100 டிகிரி 36.4 நிமிடம், மறுபடி அணைகிறது. அதன் பிறகு அது தன்னைச் சரிசெய்துகொள்ளும் வரை விமானத்தை அசைக்கக் கூடாது. ஒரே நேரத்தில் ஒன்பது வழிப்புள்ளிகளைத்தான் அது நினைவில் வைக்கும். நீண்ட பயணம் என்றால் கடந்துவிட்ட புள்ளிகளின் இடத்தில் அடுத்தவற்றை வானத்திலேயே அடிக்கவேண்டும்.

அதன் நுட்பம் நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 185 மீட்டர். நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 185 மீட்டர் தள்ளிக் கல் நட்டிருந்தால் இரண்டு ஊர்களும் கம்போடு வந்திருக்கும். கடலுக்கு மேலே அது தாராளமாகப் போதும் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது.

மேலே ஏறியதும் தானியங்கிக் கட்டுப்பாட்டின் குமிழை, கொடுத்த திசையிலேயே போகும் திசை நிலையிலிருந்து, பெட்டி சொல்லும் வழியில் போகும் ஐஎன்எஸ் நிலைக்குத் திருப்பவேண்டும். சின்னக் குமிழ்தான். 1983 செப்டம்பர் 1 அன்று ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் போன கொரியன் ஏர் லைன்ஸ் 007 இதே வகை 747-200. தானியங்கி திசை நிலையிலேயே இருந்ததாலோ, திருப்பிய நேரத்தில் விமானம் வழியிலிருந்து ஏழரைக் கடல் மைலுக்கு மேல் விலகியிருந்ததால் ஐஎன்எஸ் பிடிக்காமல் போனதாலோ, அது சோவியத் எல்லைக்குள் நுழைந்தது. சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். இந்த விவரம் தெரிந்த பிறகு குமிழைத் திருப்பிவிட்டு நான் சும்மா இருப்பதில்லை. வழியிலிருந்து எத்தனை மைல் விலகியிருக்கிறேன் என்று பெட்டியில் பார்க்கிறேன், ஊசி நடுவுக்கு வருகிறதா என்றும் பார்க்கிறேன்.

பிறகு இரண்டு மணி நேரம் மேகம். என் மனைவி அந்தப் பக்கம் வந்தால் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் அதே மேகம்தானா? சாப்பிட்டுவிட்டு வந்து ஓட்டக் கூடாதா?" என்பார். கூடாதுதான். பின்னால் விமானப் பொறியாளரின் நாற்காலி காலியாக இருக்கிறதே. மூன்று பேர் ஓட்டிய விமானத்தை ஒரே ஆள் ஓட்டுகிறேன்: நடுத் தொட்டி எரிபொருள் தீர்ந்ததா, இறக்கைத் தொட்டிகள் சமமாக இருக்கின்றனவா, அறை அழுத்தம் என்ன என்று பக்கவாட்டுப் பலகைக்குத் திரும்பித் திரும்பிப் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் கணினிப் பொறியாளரும் இந்த மாதிரிகளில் கிடைப்பார். மேலே பறக்கும்போது அவரை அணைத்து வைப்பேன், இறங்கும்போது வெட்கப்படாமல் கூப்பிட்டுக்கொள்வேன். ஏனென்றால் கை டாக்கில் இறங்கும்போது கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்க முடியாது.

கை டாக்கின் 13-ஆம் ஓடுபாதைக்கு வடமேற்கில் மலைகள் நிற்பதால் நேராக வர வழியில்லை. மேற்கிலிருந்து, ஓடுபாதைக்கு 47 டிகிரி கோணலாக ஒரு வானொலிக் கற்றை வைத்திருந்தார்கள். அதற்கு ஐஜிஎஸ் என்று பெயர். மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட கற்றையைப் பிடித்துக்கொண்டால் ஓடுபாதையில் கொண்டுபோய் விடும். இங்கே அதைப் பிடித்துக்கொண்டே போனால் மலையில் முட்டும். அந்த மலைச் சரிவில்தான் சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய சதுரங்கக் கட்டம் தீட்டியிருந்தார்கள். கட்டம் கண்ணில் பட்டால் தானியங்கியை விட்டுவிட்டுக் கையால் வலப்பக்கம் திருப்பவேண்டும். படவில்லையென்றால் மேலே ஏறிவிடவேண்டும்.

அதாவது இங்கே நிலக்காட்சி ஒரு கருவி. விமானி அறையில் எத்தனை முள் சரியாக வேலை செய்தாலும், வெளியே அந்தக் கட்டம் ஐம்பது மீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருந்தால் திருப்பம் கெட்டுவிடும். அதனால்தான் "நிலக்காட்சி எல்லாம் அலங்காரம்" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

சுமார் 650 அடியில் திருப்பம் தொடங்குகிறது. வேகம் மணிக்கு 150 கடல் மைலை ஒட்டி, சாய்வு இருபத்தைந்து டிகிரி வரை. கேப்டன் இருப்பது இடப்பக்க இருக்கை, திருப்பமோ வலப்பக்கம். ஓடுபாதை முதலில் துணை விமானியின் ஜன்னலில்தான் தெரியும். ஒற்றைத் திரை வைத்திருக்கும் என் போன்றவர்கள் பார்வையை வலது முன்பக்கத்துக்கு மாற்ற ஜாய்ஸ்டிக்கின் மேல் குமிழில் முன்கூட்டியே விரலை வைத்திருக்கவேண்டும். கூரைகளின் மேல் வளைவாக வழிவிளக்குகள் மின்னுகின்றன. சுற்றுவட்டாரத்தில் கடைகளின் நியான் பலகைகள் விட்டுவிட்டு எரியத் தடை இருந்தது, விமானிகள் குழம்பக் கூடாதென்று. நல்ல நிலக்காட்சியில் இதையும் கவனித்திருக்கிறார்கள்: நியான் அசையாமல் எரிகிறது, வழிவிளக்கு மட்டும் மின்னுகிறது. மொட்டைமாடித் தொலைக்காட்சி ஆன்டெனாக்கள் ஜன்னலுக்குக் கீழே ஓடுகின்றன. சாய்வை நிமிர்த்தி முடிப்பதற்குள் ஓடுபாதை வந்துவிடுகிறது.

அந்த இன்ஜின்கள் சோம்பேறிகள். திருப்பத்தில் வேகம் குறைகிறது என்று தெரிந்த பிறகு விசை கூட்டினால் தாமதமாகிவிடும். சாய்க்கும்போதே சற்றுக் கூட்டி வைக்கவேண்டும். ஆனால் அதிகம் கூட்டினால் தரையைத் தொடாமல் நீளமாக மிதக்கும். 3,390 மீட்டர் ஓடுபாதை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. 1993 நவம்பர் 4 அன்று சைனா ஏர்லைன்ஸின் 747-400 ஒன்று புயல் காற்றில் இறங்கி, நிற்காமல் ஓடி, துறைமுகத்துத் தண்ணீரில் போய் நின்றது. நல்லவேளையாக உள்ளே இருந்த அனைவரும் பிழைத்தார்கள்.

முயன்று பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் காற்றை முழுதாக அணைத்துவிட்டுப் பகலில் வாருங்கள். மலை தெரியும்போது எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்பது கைக்குப் பழகிய பிறகு, வடகிழக்குக் காற்றைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குக் கால் பெடல் இருந்தால் நல்லது. முறுக்கும் ஜாய்ஸ்டிக்கை வைத்தும் சமாளிக்கலாம், மணிக்கட்டு வலிக்கும். அதே ஓடுபாதையின் மறுமுனையான 31-க்கு லெய் யூ முன் கால்வாய்ப் பக்கமிருந்து நேராக வரும் வழி ஒன்று உண்டு. பத்திரமானது, குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அப்படி நேராக வந்து இறங்க எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன.