கறுப்பு மணலிலிருந்து 1.3 கிராம் தண்ணீர்

நிலவு மண்ணிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஆய்வு என்றதும், "பனிக்கட்டியை உருக்கப் போகிறாயா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பனிக்கட்டி வெயிலே படாத துருவப் பள்ளங்களில் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது இல்மனைட். அப்பல்லோ 11 இறங்கிய சமவெளியின் மண்ணில் நிறைய இருக்கும் கறுப்புத் தாது. அதில் தண்ணீர் கிடையாது, ஆக்சிஜன் உண்டு. நன்றாகச் சூடாக்கி ஹைட்ரஜனைச் செலுத்தினால், இரும்போடு இருக்கும் ஆக்சிஜனை அது பிடுங்கிக்கொண்டு நீராவியாக வரும். 10 கிராம் தாதுக்குக் கணக்குப்படி 1.2 கிராம் தண்ணீர்.

நிஜ நிலவு மண்ணுக்கு எங்கே போவது? பூமியின் இல்மனைட் மணலைத்தான் குவார்ட்ஸ் குழாயில் பரப்பி உலைக்குள் தள்ளினேன். மறுமுனையில், ஐஸில் புதைத்த வளைந்த கண்ணாடிக் குழாய். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பதிலேயே அரை நாள் போனது. ஹைட்ரஜன் ஆயிற்றே!

முதலில் எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவை விட்டுக் காற்றைத் துரத்தினேன். உலை 200 டிகிரியைத் தொட்டதுமே கண்ணாடியில் துளிகள். துள்ளிக் குதித்தேன். வழிகாட்டி எட்டிப் பார்த்து, "ஹைட்ரஜனைத் திறந்தாச்சா?" என்றார். திறக்கவே இல்லை. மணல் காற்றிலிருந்து உறிஞ்சி வைத்திருந்த ஈரம் அது.

மறுமுறை 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துவிட்டு, 950 டிகிரியில் ஹைட்ரஜனைத் திறந்தேன். கொஞ்சம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. உண்டான நீராவி உள்ளேயே தங்கினால் வினை நகராது. சரி என்று வாயுவை வேகமாக விட்டால், ஆவி குளிர நேரமில்லாமல் வெளியே ஓடியது. நடுவில் ஒரு வேகம் பிடிபட மூன்று நாள் ஆனது.

கடைசியில் தராசில் 1.3 கிராம். கணக்கைவிட அதிகம்! இந்த முறை நான் குதிக்கவில்லை. பூமியின் இல்மனைட் காற்றுபட்டுத் துருவேறியது, அதில் ஆக்சிஜன் கூடுதல். நிலவுத் தாதுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன்.

குழாயைத் தட்டிப் பொடியைக் காகிதத்தில் கொட்டினேன். முன்பு சாதாரணக் காந்தத்தைச் சட்டையே செய்யாத மணல், இப்போது காகிதத்தின் அடியில் காந்தம் போன பக்கமெல்லாம் முள் முள்ளாக எழுந்து நின்றது. ஆக்சிஜனை இழந்த இரும்பின் வேலை அது.