எட்டாம் பிரிவும் எங்க ஏரி மதகும்

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் டைப் அடித்துக் கொடுப்பேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று வருகிறவர்களுக்கு நடுவே மாதம் நாலைந்து பேர் "ஆர்டிஐ போடணும்" என்று, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட வருவார்கள். அதற்காகவே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் டிராயரில் எப்போதும் கிடக்கும். ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுத்தவன், எனக்கென்று போட்டது போன வருஷம்தான்.

எங்க ஊர் ஏரியில் மதகைப் புதுப்பித்தார்கள். முதல் மழைக்கே ஷட்டர் திருகு சுற்றவில்லை. கடப்பாரையை விட்டு நெம்பித்தான் திறந்தோம். பூச்சைச் சாவியால் சுரண்டினால் மணல் மணலாகக் கொட்டுகிறது. எஸ்டிமேட், எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்), பில் மூன்றுக்கும் நகல் கேட்டேன்.

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. "தாங்கள் கோரிய தகவல் பிரிவு 8(1)(டி) மற்றும் 8(1)(ஜே)-ன்படி வழங்க இயலாது." அவ்வளவுதான், கீழே சீல்.

பக்கத்து நிலத்து மாமா வாங்கிப் படித்தார். "சட்டத்துலயே கெடையாதுன்னு எழுதிட்டாங்களே, உட்டுடு மாப்ளே."

"கெடையாதுன்னு சொன்னது ஆபீசரு மாமா. சட்டம் என்ன சொல்லுதுன்னு இன்னும் பாக்கவே இல்ல."

அந்தச் சட்டத்தின் எட்டாம் பிரிவில், தகவல் தர மறுக்கலாம் என்று (ஏ) முதல் (ஜே) வரை பத்து விலக்குகள். நாட்டுப் பாதுகாப்பு, மந்திரிசபைக் குறிப்புகள், நடக்கிற விசாரணைக்கு இடைஞ்சலாவது, இப்படி. பலது எனக்கும் சம்மதம்தான். போலீசுக்குத் துப்பு சொன்னவர் பெயரைப் பத்து ரூபாய் கட்டி வாங்கிவிடலாம் என்றால் அப்புறம் எவன் துப்பு சொல்வான்? ஆனால் என் கடைக்கு வரும் மறுப்புக் கடிதங்களில் நான் அதிகம் பார்ப்பது டி, ஜே இரண்டையும்தான்.

(டி) என்பது வியாபார ரகசியம். வெளியே விட்டால் மூன்றாம் நபரின் தொழில் போட்டியில் அடிபடும் என்றால்தான் அது செல்லும். டெண்டர் முடிந்து, வேலை முடிந்து, அரசுப் பணத்தில் பில்லும் பாஸான பிறகு, மதகுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டார் என்பது என்ன, சித்த வைத்தியர் பரம்பரைச் சூரணமா? அப்படியே மூன்றாம் நபர் விஷயம் என்றாலும், பிரிவு 11-ன்படி ஐந்து நாளில் கான்ட்ராக்டருக்கு நோட்டீஸ் போய், அவர் சொல்வதைச் சொல்லப் பத்து நாள் தந்திருக்க வேண்டும். பதிலில் அந்தப் பேச்சே இல்லை.

(ஜே) தனிநபர் தகவல். நான் மனு போட்டபோது பழைய (ஜே). பொதுக் காரியத்துக்குச் சம்பந்தமில்லாததை, அந்தரங்கத்தில் அநாவசியமாக நுழைவதை மட்டும் அது தடுத்தது. சட்டசபைக்கு மறுக்க முடியாததை உனக்கும் மறுக்க முடியாது என்றொரு வரியும் கூடவே இருந்தது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தனையையும் வெட்டிவிட்டது. 2025 நவம்பரிலிருந்து தனிநபர் தகவலா, விலக்கு, முடிந்தது கதை. மிச்சமிருக்கும் ஒரே பிடி 8(2): பொதுநலன் பெரிதென்றால் விலக்கு உள்ளதையும் கொடுக்கலாம். இப்போதெல்லாம் யார் மனு எழுத வந்தாலும் முதல் பத்தியிலேயே அதைச் சேர்த்துவிடுகிறேன்.

முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்குக் கட்டணம் இல்லை. அதில் நான் எழுதியது: மறுத்தால் காரணம் எழுத வேண்டும், வெறும் பிரிவு எண் காரணம் ஆகாது. மறுத்தது சரிதான் என்று நிரூபிப்பதும் அலுவலர் பொறுப்பு, பிரிவு 19(5). கடைசியாகப் பிரிவு 10-ஐப் போட்டேன்: மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

பதினான்கு தாள் வந்தது. கான்ட்ராக்டர் பெயரும் பேங்க் கணக்கு எண்ணும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் அத்தனை எழுத்தும் தெரிகிறது! அடித்த தாளை இன்னொரு தடவை ஜெராக்ஸ் போட்டு அந்த நகலைக் கொடுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. இது என் தொழில், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணக்கு எண் எனக்கு எதற்கு, மறைக்க வேண்டியதுதான்.

எனக்கு வேண்டியது ஒன்பதாம் தாளில் இருந்தது. மதகு முன்தளம், கான்கிரீட் கனம் 15 செ.மீ. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, உடைந்த ஓரத்தில் டேப்பை வைத்தார். ஒன்பது. நம்பாமல் அந்தப் பக்க ஓரத்திலும் வைத்துப் பார்த்தார். எட்டரை.

திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறோம். டேப்பை மறக்காமல் பையில் போடச் சொல்லியிருக்கிறார் மாமா.