திருவக்கரைக்கு வந்து சேர்ந்த மரங்கள்

பௌர்ணமி இரவில் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கப் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் திருவக்கரைக்குச் செல்பவர்களில் பலர், கம்பி வேலிக்குள் கிடக்கும் கல்மரங்களைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். பார்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே செய்தியோடுதான் வருகிறார்கள்: ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பெருங்காடு இருந்தது, அது நின்ற இடத்திலேயே கல்லாகிவிட்டது. காடு இருந்தது உண்மை. ஆனால் இங்கே இல்லை. அந்த மரங்கள் கிடக்கும் விதமே அதற்குச் சாட்சி.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், 247 ஏக்கர் பரப்பில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கும் தேசியக் கல்மரப் பூங்கா இது. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊர்க்காரர்களின் கதையில் இவை அம்மன் தலத்தோடு தொடர்புடைய வக்கிராசுரனின் எலும்புகள். செம்மண்ணில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும் அந்தத் தண்டுகளைக் காணும் எவருக்கும் அந்தக் கதை பிறந்ததில் வியப்பு தோன்றாது.

மரங்கள் எல்லாம் படுத்தே கிடக்கின்றன. வேரூன்றி நிமிர்ந்து நிற்கும் அடிக்கட்டை இல்லை. கிளை இல்லை, இலை இல்லை, பட்டையும் இல்லை. நின்ற இடத்திலேயே சாய்ந்து புதைந்த காடு இப்படி இருக்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பகுதியைப் புரட்டிப் போட்டபோது விழுந்த முந்திரியும் பலாவும் வேர்த்தூரோடும் கிளைகளோடும்தான் கிடந்தன. இவை அனைத்தும் போய்த் தண்டு மட்டும் எஞ்ச வேண்டுமானால், அந்த மரம் வெள்ளத்தில் நெடுந்தூரம் அடித்து வரப்பட்டு, பாறைகளில் மோதி, மணலில் தேய்ந்து வந்திருக்க வேண்டும்.

அப்படி வந்தவை ஏன் இங்கே தங்கின என்பதற்கும் நிலமே விடை வைத்திருக்கிறது. திருவக்கரைச் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகள் நிறைய. அவற்றில் உடைபட்டு லாரிகளில் ஜல்லியாகப் போகும் கருங்கல், 250 கோடி ஆண்டு அளவில் பழமையான பாறைத் தளத்தைச் சேர்ந்தது. அந்தப் பழம்பாறையின் விளிம்பை ஒட்டித் தொடங்கிக் கிழக்கே கடலை நோக்கிப் பரவுவதுதான், புவியியலாளர்கள் கடலூர் மணற்பாறை என்று வழங்கும் செந்நிறப் படிவு. மேட்டு நிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும் ஆறு, வேகம் தளர்ந்ததும் தன் சுமையை இறக்கிவிடும். மணலோடும் கூழாங்கற்களோடும் மரங்களும் அங்கே ஒதுங்கிவிடும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் ஓடிய வேகத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. (அந்தப் பழைய ஆறு இன்றைய சங்கராபரணியேதான் என்று எண்ணிவிடக் கூடாது, இவ்வளவு நீண்ட காலத்தில் ஆறுகள் தடம் மாறாமல் இருப்பதில்லை.)

ஆற்றில் ஒதுங்கும் மரம் மக்கிப்போவதுதான் வழக்கம். இவை மக்காததற்குக் காரணம், மணலும் களியும் விரைவாக மூடிக் காற்றை அடைத்துவிட்டதே. பிராணவாயு எட்டாத ஆழத்தில் பூஞ்சையின் வேலை ஏறத்தாழ நின்றுவிடும். அதன்பின், மணலிலிருந்து கரைந்த சிலிக்கா என்னும் கனிமத்தைச் சுமந்த நிலத்தடி நீர் மரத்தின் நுண்குழாய்களுக்குள் ஊறி, உயிரணுச் சுவர்களின் மீது மெல்லிய படலமாகச் சிலிக்காவைப் படியவைத்தது. பிறகு வெற்றிடங்களை நிரப்பியது. மரப்பொருள் சிறிது சிறிதாகச் சிதைய, அதன் இடத்தையும் கல்லே பிடித்துக்கொண்டது. கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டிவிட்டு, உள்ளிருக்கும் செங்கல்லை ஒவ்வொன்றாக மாற்றுவது போன்ற வேலை இது. அதனால்தான் இழையோட்டமும், கிளை இருந்த இடத்தில் கணுவும் இன்றும் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன. நீரில் கலந்திருந்த இரும்பு, பழுப்பும் சிவப்பும் ஏற்றியிருக்கிறது. இன்னொன்றையும் அருகில் நின்று பார்க்கலாம்: நீளமான தண்டுகள் குறுக்கே வெடித்து, அறுத்து வைத்த உருளைகள் போலக் கிடக்கின்றன. மரமாக இருந்தபோது வளையக்கூடியதாக இருந்த பொருள், கல்லான பின் அடியிலிருந்த மண் அசைந்தபோது வளையாமல் ஒடிந்துவிட்டது.

இந்தக் கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்நோக்கியில் வைத்தால், மரத்தின் குடும்பத்தையே அடையாளம் காண முடிகிறது. கூம்பு வகை மரங்களும், புளிய மரம் சேர்ந்த பயறுக் குடும்பத்து மரங்களும் இங்கே உண்டு. கடலூர் மணற்பாறையில் கிடைத்த மரங்களில் டிப்டெரோகார்ப் குடும்பத்தவையும் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் நெடுமரங்களை இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில்தான் தேட வேண்டும். முள்ளும் குறுமரமுமாக வறண்டிருக்கும் நம் கடற்கரைப் பகுதிக்கு இந்த மரங்களை அனுப்பிய நிலம், அன்று எவ்வளவு மழை கண்டிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதே கடலூர் மணற்பாறைக்கு அடியில், நெய்வேலியில், மரம் வேறொரு கதியை அடைந்தது. அங்கே தாவரங்கள் தேங்கிய சதுப்பு நீரில் விழுந்து குவிந்து புதைந்தன. கரிமம் வெளியேறாமல் தங்கிப் பழுப்பு நிலக்கரியாயிற்று. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருள் அதுவே. அந்த நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் ஆர்ட்டீசியன் நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்கி வெடிக்காமல் இருக்கும். ஓரிடத்தில் மரத்தைக் கல்லாக்கியதும், மற்றோரிடத்தில் கரியாகக் காத்ததும் நீரே.

புதைந்தவற்றை மீண்டும் வெளியே கொண்டுவந்ததும் நீர்தான். கடலூர் மணற்பாறை கையால் உதிர்க்கும் அளவுக்கு இளகியது. கல்மரமோ கத்தியால் கீற முடியாத சிலிக்கா. ஐப்பசி, கார்த்திகை மழை மணலைக் கரைத்துச் செல்ல, கடினமானது மேலே தங்கிவிடுகிறது. ஆரோவில்லை ஒட்டிய செம்மண் பள்ளங்களை அறுப்பதும் இதே மழைநீர்தான்.

அப்படி வெளிப்படும் துண்டுகளை எடுத்துவந்து வீட்டு வாசலில் அலங்காரமாக வைக்கும் வழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அழகை எடுத்துச் செல்கிறார்கள் என்பதல்ல என் குறை. ஒரு தண்டு எந்த அடுக்கில், எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த வெள்ளம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இடம் பெயர்த்த துண்டு எந்த மரம் என்று மட்டும் சொல்லும். எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது.