இராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு

கல்முனையில் உள்ள ஒரு தனியார் லீசிங் நிறுவனத்தின் கிளையில் ஏழு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை செய்த நான், மட்டக்களப்பு நகரில் புதிதாகத் திறக்கப்படவிருந்த வேறொரு நிறுவனத்தின் கிளைக்குத் தெரிவானபோது, இனிக் களுவாஞ்சிகுடியில் தெற்கே போகும் பஸ்ஸுக்குப் பதிலாக வடக்கே போகும் பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் பெரிதாக யோசிக்கவில்லை. சம்பளம் 18,000 ரூபாய் கூடுதல் என்பது யோசனையைச் சற்று மழுங்கடித்திருக்கவும் கூடும்.

மின்னஞ்சலில் வந்த இரண்டு பக்கக் கடிதத்தில் பதவி, சம்பளம், வேலை தொடங்கும் திகதி எல்லாம் இருந்தன. கடைசிப் பந்தியில், இந்நியமனம் தலைமை அலுவலகத்தின் இறுதி அங்கீகாரத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரியும், அதன் கீழே கையெழுத்து இல்லாமல் தட்டச்சு செய்த ஒரு பெயரும் இருந்தன. ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பானவர் தொலைபேசியில், “ஒரிஜினல் கடிதம் தபாலில் வரும், உங்களுக்கு ஒரு மாத நோட்டீஸ் இருக்கிறதல்லவா, இராஜினாமாவைக் கொடுத்துவிடுங்கள்” என்றார். டிசம்பர் முதல் வாரத்தில் கொடுத்தேன். அடுத்தவர்களின் லீசிங் ஒப்பந்தங்களில் சிறிய எழுத்து வரிகளைத் தேடித் தேடி வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவன், என்னுடைய கடிதத்தில் அந்த ஒரு வரியை வெறும் சம்பிரதாயம் என்று எடுத்துக்கொண்டேன்.

நோட்டீஸ் காலத்தின் 22ஆம் நாள், கிளை திறப்பது காலவரையறையின்றிப் பிற்போடப்பட்டுள்ளதாக வாட்ஸ்அப்பில் மூன்று வரி வந்தது. அப்போது என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அமர்ந்து, என் இடத்துக்கு எடுக்கப்பட்ட பிள்ளை மாதாந்தக் கணக்கு முடிப்பதை என்னிடமே பழகிக்கொண்டிருந்தார். அன்று மாலையே முகாமையாளரிடம் போய் இராஜினாமாவை மீளப் பெற முடியுமா என்று கேட்டேன். அவர் கோபிக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் தந்தாயிற்று, புதியவருக்கும் கடிதம் கொடுத்தாயிற்று என்றார். வீட்டில் விடயத்தைச் சொன்னபோது அம்மா, “கையெழுத்து வைக்காத கடதாசிய நம்பியா மனே இருந்த வேலைய விட்ட?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. பேசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஜனவரியில், பழைய நிறுவனத்துக்குப் பொறுப்பான தொழில் அலுவலகத்துக்குப் போனபோது, புதிய நிறுவனத்தின் மீது முறைப்பாடு கொடுப்பதுதான் என் எண்ணமாக இருந்தது. அங்கிருந்த உத்தியோகத்தர் நான் நீட்டிய மின்னஞ்சலை ஓரமாக வைத்துவிட்டு, “தம்பி, பழைய இடத்தில் வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டதா?” என்று கேட்டார். நாமாக விலகினால் பணிக்கொடை கிடைக்காது என்றே நான் அதுவரை நம்பியிருந்தேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தவர் தானாகவே விலகினாலும், சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் அரைவாசி என்ற கணக்கில், 30 நாட்களுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும் என்றும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் சேரும் என்றும் அவர் விளக்கினார். என் கடைசிச் சம்பளம் 62,000 ரூபாய் என்பதால் ஏழு ஆண்டுகளுக்கு 217,000 ரூபாய் வர வேண்டியிருந்தது. முதலாளி மாதந்தோறும் 3 சதவீதம் செலுத்தி வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை (ETF) விலகிய பின்னர் கோரலாம். ஊழியர் சேமலாப நிதியோ (EPF) ஆண்களுக்கு 55 வயதில்தான் கிடைக்கும் என்பதால் அதை மறந்துவிடச் சொன்னார்.

புதிய நிறுவனத்தின் விடயத்தை மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம், ஆனால் ஒரு நாள்கூட வேலை செய்யாத என்னுடைய நிலை அதில் நிற்பது கடினம். ஒப்பந்த மீறல் என்று சிவில் வழக்குப் போடுவதென்றால் அந்தக் கடைசிப் பந்தி எனக்கு எதிராகவே பேசும் என்றார். இருந்தாலும் நடந்ததைத் திகதி வாரியாக எழுதி, நட்டஈடு கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அங்கீகாரம் கிடைக்கவில்லை, ஆகவே பொறுப்பும் இல்லை என்று ஒரு பந்தியில் பதில் வந்தது. அந்தப் பதிலில் மட்டும் கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக இருந்தன. அதோடு அந்தக் கோப்பைக் கட்டி வைத்தேன்.

வேலை இழந்தவருக்கு மாதப்படி தரும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லாததால், பெரும்போக அறுவடை தொடங்கியதும் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் நாட்கூலிக்குக் கணக்கு எழுதப் போனேன். நெல் மூடைகளை இறக்கும் லொறிக்கு அருகில், தூசி படிந்த தராசின் பக்கத்தில் நின்று, ஈரப்பதத்துக்குக் கழிக்கும் கிலோவைக் குறித்துக்கொள்வதுதான் வேலை; விவசாயியும் முதலாளியும் அந்த ஒரு கிலோவுக்காக வாதாடும்போது பேனாவைத் தூக்கியபடி காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் மனைவியின் காப்புச் சோடி அடகுக்குப் போனது.

பணிக்கொடை 30 நாட்களில் வரவில்லை. எழுத்தில் முறைப்பாடு கொடுத்த பிறகு, 47ஆம் நாள் 217,000 ரூபாய் மட்டும் கணக்கில் விழுந்தது. மேலதிகக் கட்டணத்தை நான் விட்டுவிட நினைத்தேன், உத்தியோகத்தர் விடவில்லை. ஒரு மாதத்துக்கு உட்பட்ட தாமதத்துக்கு உரிய 10 சதவீதமான 21,700 ரூபாயும் மார்ச் மாதம் வந்து சேர்ந்தது.

மே மாதம் ஏறாவூரில் ஒரு இடத்தில் தெரிவானபோது, கையெழுத்திட்ட நியமனக் கடிதம் கைக்கு வராமல் ஆலையிலிருந்து விலக மாட்டேன் என்றேன். மறுமுனையில் இருந்தவருக்கு அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. 11 நாட்கள் கழித்துக் கடிதம் வந்தது. ஆலை முதலாளியிடம் ஒரு வாரம் முன்னறிவித்தல் தருகிறேன் என்றபோது, கடிதமெல்லாம் வேண்டாம், தராசுப் புத்தகத்தை மகனுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். ஜூன் மாதச் சம்பளத்தில் காப்பை மீட்டோம்.