கோப்பு எந்த மேசைக்குப் போகிறது?

கொள்கை ஆய்வு நிறுவனத்தில் வேலை என்றால் பலரும் பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர், இடப்பெயர்வு, தொற்றுநோய் என்று ஏதாவது ஒன்றைப் பற்றி நாலு பக்கக் குறிப்பு எழுதி, அமைச்சகங்களுக்கும் நிதி கொடுப்பவர்களுக்கும் அனுப்புவதுதான் என் பிழைப்பு. அனுப்புவதில் பெரும்பாலானவற்றை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் இங்கே சேருகிற எல்லோரும் சீக்கிரமே ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பிரச்சினை எதுவானாலும், முதல் பத்தியிலேயே அது நாட்டின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டது என்று ஒரு வரி சேர்த்துவிடுவது.

நிலத்தடி நீர் பற்றிய ஒரு வரைவைப் படித்துவிட்டு எங்கள் மூத்தவர் ஒருவர் சொன்னார்: “எல்லாம் சரியாத்தான்ப்பா இருக்கு. ஆனா இதைப் படிச்சா யாருக்கும் தூக்கம் கெடாதே.” கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை அவர். கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்பதில் எங்களில் யாரையும்விட அவருக்கு அக்கறை அதிகம். ‘நீர்ப் பற்றாக்குறையால் மக்கள் அவதி’ என்ற தலைப்புக்குக் கிடைக்காத சந்திப்பு நேரம் ‘நீர்ப் பற்றாக்குறையால் கலவர அபாயம்’ என்ற தலைப்புக்குக் கிடைக்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். கிடைக்கவும் செய்தது.

அரசியல் பிரச்சினைகளைப் பாதுகாப்பு அச்சுறுத்தலாக மாற்றுவது ஆட்சியாளர்கள் வேலை, மக்களைப் பயமுறுத்தி ஓட்டு வாங்கத்தான் அதைச் செய்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வோம். அது நடக்காமல் இல்லை. ஆனால் நான் பக்கத்தில் இருந்து பார்த்தவரை, அந்தக் கதவை முதலில் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் நல்லது செய்ய வந்தவர்கள்தான். மற்ற கதவுகள் திறக்க நாளாகும், இது உடனே திறக்கும், அவ்வளவுதான் காரணம்.

இதைப் பற்றிய கோட்பாடு ஒன்று எங்கள் துறையில் பிரபலம். பாரி புசான், ஓலே வேவர், யாப் டி வில்டே என்ற மூவர் 1998-இல் விரிவாக எழுதி, கோபன்ஹேகன் சிந்தனைப் பள்ளி என்று பேர் வாங்கியது. சொல்வதற்குத் தகுதியுள்ள ஒருவர், ‘இன்னது அழியப்போகிறது, வழக்கமான விதிமுறைகளுக்கு இப்போது நேரமில்லை’ என்கிறார். கேட்பவர்கள் ஒப்புக்கொண்டால், விவாதிக்க வேண்டிய விஷயம் அவசர நடவடிக்கைக்கு உரிய விஷயமாகிவிடுகிறது. பாதுகாப்புமயமாக்கல் என்பது இதுதான். பாரிஸைச் சேர்ந்த திதியே பிகோ போன்றவர்கள் இதில் குறை கண்டார்கள். மேடைப் பேச்சைவிட விசா அலுவலகம், காவல் துறையின் தரவுத்தளம், எல்லைச் சாவடியின் அன்றாட நடைமுறை ஆகியவற்றைப் பாருங்கள், மாற்றம் நடப்பது அங்கே என்றார்கள். நான் பிகோ கட்சி. யாரும் மேடையேறிப் பேசாமலே ஒரு கோப்பு மேசை மாறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

பருவகாலக் கூலி வேலைக்காக இடம் மாறும் தொழிலாளர்கள் பற்றி ஒரு குறிப்பு தயாரித்தோம். முதல் சுற்றுக் கூட்டத்துக்குத் தொழிலாளர் துறையிலிருந்தும் சுகாதாரத் துறையிலிருந்தும் ஆள் வந்தார்கள். கூலி பாக்கி, தங்குமிடம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பேச்சு போனது. அடுத்த வரைவில் ‘கட்டுப்பாடற்ற இடப்பெயர்வு சட்டம் ஒழுங்குக்குச் சவாலாகலாம்’ என்ற வரி ஏறியது. இரண்டாவது கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்துறைக்காரர்களும் காவல் துறைக்காரர்களும். அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், கவனமாகவும் கேட்டார்கள். ஆனால் கேள்விகள் வேறு. எத்தனை பேர், எந்த வழியாக வருகிறார்கள், அடையாள அட்டை இருக்கிறதா, கைரேகை எடுக்க முடியுமா? கூலி பாக்கியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது அவர்கள் வேலையும் இல்லையே. குறிப்பில் நாங்கள் எழுதிய மற்ற வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. பாதிக்கப்பட்டவர்களாக எழுதப்பட்டவர்கள் மட்டும் கண்காணிக்கப்பட வேண்டியவர்களாகிவிட்டார்கள்.

பெரிய அளவில் இதே கதையை எய்ட்ஸ் விஷயத்தில் பார்க்கலாம். 2000 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பற்றித் தனிக்கூட்டம் நடத்தியது. ஒரு நோயை முன்வைத்து அந்தச் சபை அப்படிக் கூடியது அதுவே முதல்முறை. ஜூலையில் 1308-ஆம் தீர்மானம் வந்தது. உலகத் தலைவர்களின் கவனம் இந்த நோயின் பக்கம் திரும்பியதில் அதற்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் தீர்மானத்தைப் படித்தால் அதன் கவலை பெரிதும் அமைதிப்படை வீரர்களைப் பற்றியது. பாதுகாப்பு என்று சொல்லிக் கூட்டிய சபை படைவீரர்களைப் பற்றி யோசிப்பதில் ஆச்சரியம் இல்லை. நோயாளியையே ஆபத்தாகப் பார்க்கும் பார்வையும் கூடவே இருந்தது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் நாட்டுக்குள் வருவதற்கு 1987-இல் அமெரிக்கா விதித்த தடை 2010 வரை நீடித்தது. அதனாலேயே சர்வதேச எய்ட்ஸ் மாநாடு 1990-க்குப் பிறகு 2012 வரை அந்நாட்டில் நடக்கவில்லை. நோயைப் பற்றிப் பேச நோயாளியே வர முடியாத இடத்தில் மாநாடு போட்டு என்ன பயன்?

பருவநிலை மாற்றத்தில் விவகாரம் இன்னும் சிக்கல். 2007 ஏப்ரலில் பிரிட்டன் தலைமையில் பாதுகாப்பு கவுன்சில் முதல்முறை அதை விவாதித்தபோது, வளரும் நாடுகளின் ஜி-77 குழு எதிர்த்தது. அது பேசப்பட வேண்டிய இடம் பொதுச்சபையும் பருவநிலை ஒப்பந்த அமைப்பும் என்பது அவர்கள் வாதம். வெறும் முரட்டுப் பிடிவாதம் என்று அன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பொதுச்சபையில் 193 நாடுகள். பாதுகாப்பு கவுன்சிலில் 15, அவற்றில் ஐந்துக்கு ரத்து அதிகாரம் (வீட்டோ). அந்த ஐந்தில் அதிகம் புகை கக்கிய நாடுகளும் அடக்கம். ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் கேள்வி, யார் எவ்வளவு மாசுபடுத்தினார்கள், யார் பணம் தர வேண்டும் என்பது. பாதுகாப்பு அறைக்குள் நுழைந்ததும், வறட்சியால் எங்கே சண்டை மூளும், அதை எப்படி அடக்குவது என்று கேள்வி மாறும். கடனாளி காவலாளி ஆகிவிடுவார். அதே சமயம், மூழ்கிக்கொண்டிருக்கும் பசிபிக் தீவு நாடுகள் இந்த விஷயத்தைப் பாதுகாப்பு கவுன்சில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்டன. அவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை, மிகையே கிடையாது. 2021 டிசம்பரில் அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த வரைவுத் தீர்மானத்தை 12 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா ரத்து செய்தது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது, சீனா ஒதுங்கி நின்றது. ரஷ்யாவின் நோக்கம் எனக்குச் சந்தேகத்துக்கு உரியதுதான். பாதுகாப்பு கவுன்சில் இதற்கான இடம் இல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் 1942. பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய பிறகு, அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அப்புறப்படுத்த வேண்டும் என்று அந்தப் பகுதியின் ராணுவத் தளபதி ஜெனரல் டிவிட் பரிந்துரைத்தார். அதுவரை நாசவேலை ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அவர் எழுதிய விளக்கத்தைத்தான் எல்லோரையும் படிக்கச் சொல்வேன். இதுவரை எதுவும் நடக்காததே, இனிமேல் நடக்கப்போகிறது என்பதற்கான கவலைதரும் அறிகுறி என்கிறார். இப்படிப்பட்ட வாதத்தை எந்தச் சான்றாலும் உடைக்க முடியாது. நடந்தாலும் குற்றவாளி, நடக்காவிட்டாலும் குற்றவாளி. பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்நாட்டுக் குடிமக்கள். இதன் பின்னால் காய்கறிச் சந்தையும் இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜப்பானிய விவசாயிகளோடு போட்டி போட்ட வெள்ளைக்கார விவசாயிகள் சங்கம் ஒன்றின் நிர்வாகி, சுயநலத்துக்காகத்தான் இவர்களை விரட்டப் பார்க்கிறோம் என்பது உண்மையே என்று பத்திரிகையிடம் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். மன்னிப்பும், உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலரும் தரும் சட்டம் 1988-இல்தான் வந்தது.

இவ்வளவு கொடுமை இல்லாத, கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கிற உதாரணமும் உண்டு. 2018-இல் கனடாவின் எஃகுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தபோது சொன்ன காரணம் தேசியப் பாதுகாப்பு. நெடுங்கால ராணுவக் கூட்டாளியின் எஃகு எப்படி ஆபத்து என்று யாரும் நம்பவில்லை, நம்ப வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1962-ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு தயாராக இருந்தது. கேட்பவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கோபன்ஹேகன் நிபந்தனை எனக்கு இடறுவது இங்கேதான். அடுத்த ஆண்டு மெக்சிகோ எல்லைச் சுவருக்காக அவசரநிலை அறிவித்த அன்றே, இதை நான் செய்திருக்க வேண்டியதில்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் செய்கிறேன் என்று டிரம்ப் வாய்விட்டே சொன்னார். அப்படியும் அவசரநிலை நீடித்தது.

எங்கள் வேலையில் இப்போது நான் அதிகம் தேடுவது முடிவுத் தேதியை. ஒரு அவசர நடவடிக்கை எப்போது, யார் சொல்லி முடியும் என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தாலும் நம்புவதற்கில்லை. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று போட்டுக்கொண்டு, மூன்று ஆண்டுகளுக்கு என்று வந்தது. 1982-இல் நிரந்தரமாக்கப்பட்டது. மொழி, நிலம், அதிகாரப் பகிர்வு என்று மேசையில் இருந்த கேள்விகளுக்கு அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சில் 2015 நவம்பர் தாக்குதல்களுக்குப் பின் வந்த அவசரநிலையைப் பயன்படுத்தி, பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் 20-க்கும் மேற்பட்டோர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள். குண்டு வைத்தவர்களுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், கூட்டம் நடந்தால் போலீஸ் பலம் சிதறும் என்று பதில் வந்தது. 2017-இல் அவசரநிலை முடிந்தது. அதன் சில அதிகாரங்கள் அதற்குள் சாதாரணச் சட்டத்தில் குடியேறிவிட்டன.

மேசை மாறிய கோப்பைத் திரும்பக் கொண்டுவருவது சலிப்பூட்டும் வேலை. அதற்குச் செய்தியாளர் சந்திப்பு கிடையாது. எங்களிடம் சேர்ந்திருக்கும் ஒரு பெண், அந்தக் கூலித் தொழிலாளர் குறிப்பைச் சட்டம் ஒழுங்கு வரி இல்லாமல் புதிதாக எழுதினார். “யாருக்கு அனுப்பட்டும் சார்?” என்று கேட்டார். தொழிலாளர் துறைக்கு என்றேன். இரண்டு முறை நினைவூட்டல் கடிதமும் போட்டாகிவிட்டது, ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்ற சீல் மட்டும் வந்திருக்கிறது. பழைய குறிப்பின் அடுத்த பாகம் எப்போது வரும் என்று உள்துறையிலிருந்துதான் போன் செய்துகொண்டிருக்கிறார்கள்.